ஈயடிச்சான் காப்பியில் நம்ம ஊர் இறால்

"ஜீனோம் படிச்சாச்சு, ஜீனுக்கெல்லாம் பேரும் வெச்சாச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்கிற பொட்டி தட்டும் மக்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நானும் பொட்டி தட்டுறவன்தான். அதனால கொஞ்சம் உரிமையோடவே திட்டறேன்.

எண்ணூர் கழிமுகத்துல வலையில விழற வெள்ளை இறால் இருக்கே, அதோட முழு மரபணுத் தொகுப்பை சென்னையிலேயே இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 2022-ல் வெளியிட்டது. சுமார் 193 கோடி எழுத்து, அதில் 28,720 மரபணுக்கள். அருமையான வேலை, அவங்களோட எனக்குச் சண்டை இல்லை. அந்த 28,720-ஐ தலையெண்ணிப் பார்த்த கணக்கு மாதிரி தூக்கிக்கிட்டுத் திரியறவங்களோடதான் சண்டை.

அந்தப் பட்டியல் எப்படி வருது தெரியுமா? மரபணு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஒரு மென்பொருள் ஊகிக்கும். அப்புறம் வேற உயிரினத்துல அதே ஜாடையில எது இருக்குன்னு தேடி, அதோட பேரை இதுக்கு ஒட்டிடும். பூச்சி, இறால் வகையறாவில் நல்லா ஆராயப்பட்டது பழ ஈ. ஆக, ஈயைப் பார்த்து இறாலுக்கு எழுதினது. நிஜமாவே ஈயடிச்சான் காப்பி :-) நாளைக்கு இன்னொரு இறாலுக்கு இதைப் பார்த்து எழுதுவாங்க. காப்பிக்குக் காப்பி. பக்கத்துத் தெரு பட்டியலைப் பார்த்து, ஒரு கதவைக்கூடத் தட்டாம, ராயபுரத்துக்கு வாக்காளர் பட்டியல் எழுதினா ஒத்துக்குவீங்களா?

இதுல இன்னொரு வில்லங்கம். இறால் ஜீனோமில் ஏறக்குறைய பாதி, திரும்பத் திரும்ப வர்ற எழுத்துகள். அந்தக் குழப்பத்துல ஒரே மரபணு ரெண்டா உடைஞ்சு தெரியும், பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு ஒண்ணா ஒட்டிக்கும்.

2009-ல் 37 நொதிக் குடும்பங்களை எடுத்துச் சோதிச்சாங்க. மனுஷங்க பார்த்துச் சரிசெய்யற சுவிஸ்-புராட்டில் தப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். தானியங்கியா பேர் ஒட்டற தளங்கள்ல சில குடும்பங்களுக்கு 80 சதவீதத்துக்கும் மேல தப்பு! உயிரியல்காரங்க நேர்மையா எச்சரிக்கையும் போட்டுத்தான் வைக்கிறாங்க. ஜீன் ஆன்டாலஜியில 'ஐஇஏ' என்ற குறி இருந்தா, அது கணினி போட்டது, யாரும் தனித்தனியா பார்க்கலைன்னு அர்த்தம். நம்மாளு ஸ்கிரிப்ட் எழுதும்போது முதல்ல தூக்கி எறியறது அந்தக் கட்டத்தைத்தான்.

"பேர்ல என்னய்யா இருக்கு?" என்பீங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவியது ஞாபகம் இருக்கா? அங்க இறாலைப் பிடிச்சு, நச்சை முறிக்கிற மரபணு வேலை செய்யுதான்னு ஒருத்தர் அளக்கறார்னு வெச்சுக்குங்க. பட்டியல்ல 'சைட்டோகுரோம் பி450' என்று இருக்கிறதை எடுப்பார். அது பெரிய குடும்பம். சிலது நச்சை உடைக்கும், சிலது இறால் ஓடு கழட்டறதுக்கான ஹார்மோனைத் தயாரிக்கும். ஆள் மாறிப்போனா 'பாதிப்பு இல்லை'ன்னு அறிக்கை வரும். அந்தக் காகிதத்தைக் காட்டி நஷ்டஈடு இல்லைன்னு சொல்லப்போறது உங்களுக்கோ எனக்கோ இல்லை, காட்டுக்குப்பத்து மீனவருக்கு.

சரிபார்க்க வழி இருக்கு. செவுள், கல்லீரல்-கணையம், தசைன்னு தனித்தனியா ஆர்என்ஏ எடுத்து, அந்த மரபணு நிஜமாவே அங்க படியெடுக்கப்படுதான்னு பாருங்க. ஈயிலிருந்து இறாலுக்குத் தேடினா மட்டும் போதாது, இறாலிலிருந்து ஈக்கும் திரும்பத் தேடிப் பாருங்க. ஆதாரம் இல்லையா? 'தெரியாத புரதம்' என்றே எழுதுங்க, மானம் ஒண்ணும் போயிடாது.

"அதுக்கெல்லாம் ஆள் எங்க?" என்கிற சாக்கு வேண்டாம். 2011-ல் ஆரம்பிச்ச 'ஐ5கே' திட்டத்துல, அப்போலோ என்ற மென்பொருள் வழியா, வேற வேற நாட்டுக்காரங்க பூச்சிகளோட மரபணுக்களை ஒவ்வொண்ணா கையால திருத்தினாங்க. உலாவியும் பொறுமையும் இருந்தா போதும். நம்ம ஊர் பயோடெக் பசங்க ஃபைனல் இயர் புராஜெக்டை கடையில காசு கொடுத்து வாங்கறதுக்கு, ஆளுக்குப் பத்து இறால் மரபணுவை எடுத்துக்கலாமே? பழ ஈக்கு உலகம் பூரா ஆள் இருக்கு. நம்ம இறாலுக்கு நாமதான்.

டிஸ்கி: "இப்பதான் ஏஐ வந்துடுச்சே"ன்னு ஆரம்பிக்கப்போற நண்பர்களே, இதே மாதிரி பட்டியல்களைப் படிச்சு வளர்ந்ததும் அதே தப்பைத்தான் சொல்லும். என்ன, இன்னும் தைரியமா சொல்லும்!