அழிப்பதாகச் சொன்னீர்கள்: சுந்தர் பிச்சைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுந்தர் பிச்சை அவர்களுக்கு,

நீங்கள் மதுரையில் பிறந்தவர் என்பதை எங்கள் பத்திரிகைகள் ஆண்டுக்கு நாலு தடவையாவது ஞாபகப்படுத்திவிடுகின்றன. நீங்கள் தலைமை தாங்கும் கூகுள் நிறுவனம் பெண்களுக்குக் கொடுத்த ஒரு வாக்கு என்ன ஆயிற்று என்று அவை விசாரித்து நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1973 முதல் அந்நாட்டுப் பெண்களுக்கு இருந்த கருக்கலைப்பு உரிமையைப் பறித்தது. ஒரு வாரம் கழித்து கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கருக்கலைப்பு கிளினிக், குடும்ப வன்முறைக்குத் தப்பியவர்கள் தங்கும் இல்லம், போதை மீட்பு மையம் போன்ற இடங்களுக்கு ஒருவர் போய்வந்ததை எங்கள் கணினிகள் கண்டறிந்தால், அந்த வருகையை அவருடைய இருப்பிடப் பதிவிலிருந்து சீக்கிரமே அழித்துவிடுவோம் என்று அதில் சொன்னீர்கள். அழிக்கும் வேலை அவரவர் தலையில் விழாது என்பது அதிலிருந்த ஆறுதல். தானாக வந்த வாக்கு என்று சொல்ல மாட்டேன். மே மாதமே அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் நாற்பது பேருக்கு மேல் உங்கள் பெயருக்கே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் நல்ல வாக்கு.

வாக்கைச் சோதிப்பது பத்திரிகைக்காரன் வேலை. 2023இல் வாஷிங்டன் போஸ்டின் ஜெஃப்ரி ஃபௌலர் சோதித்துப் பார்த்தார். சில வருகைகள் அழிந்தன, சில அப்படியே கிடந்தன. அக்கவுண்டபிள் டெக் என்ற கண்காணிப்பு அமைப்பு இன்னும் எளிய வழியைப் பிடித்தது: புது ஆண்ட்ராய்டு செல்போனை எடுத்துக்கொள், கூகுள் மேப்பில் வழி கேட்டு கிளினிக்குக்குப் போ, சில வாரம் கழித்துக் கணக்கைத் திறந்து பார். முதல் சுற்றில் பத்துக்கு ஆறு தடவை தடயம் மிச்சமிருந்தது. ஏழு மாநிலங்களில் மறுபடி சோதித்த முடிவு 2024 தொடக்கத்தில் வெளிவந்தபோது, சுமார் பாதி. வாக்கைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றது உங்கள் தரப்பு. கணினிகள் கண்டறிந்த இடங்கள் அழிக்கப்படுகின்றனவாம். கண்டறியாதவற்றின் கதி?

இதே காலத்தில் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2022 ஆகஸ்டில் ப்ளூம்பெர்க் செய்தியாளர்கள் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் கருக்கலைப்பு கிளினிக் என்று கூகுள் மேப்பில் தேடிப் பார்த்தார்கள். வந்த முதல் பத்து முடிவுகளில் ஏறத்தாழ கால்வாசி, கருக்கலைப்பு செய்யாத இடங்கள். வருகிற பெண்ணிடம் பேசி அவள் மனத்தை மாற்றுவதற்கென்றே நடத்தப்படும் மையங்கள். செய்தி வந்த பிறகுதான் எது செய்யும், எது செய்யாமலிருக்கலாம் என்று முடிவுகளில் குறிப்புப் போட்டீர்கள். ஆக, எது உண்மையான கிளினிக் என்று தடுமாறிய அதே வரைபடம், அங்கே போன பெண்ணின் வழித்தடத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. ஊருக்குத் தெரியவேண்டியது மங்கல், ஒருத்தியோடு முடியவேண்டியது துல்லியம்.

தலைகீழாக நடக்க முடியும் என்பதற்கு ஆதாரம் அங்கேயே இருக்கிறது. மிடில்பரி கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் கேட்லின் மையர்ஸ், ஒவ்வொரு கவுன்டியிலிருந்தும் (நம் மாவட்டம் போல) மிக அருகிலுள்ள கருக்கலைப்பு கிளினிக் எத்தனை மைல் என்று கணக்கிட்டு வருகிறார். ‘வீகவுன்ட்’ திட்டம், எந்த மாநிலத்தில் மாதத்துக்கு எத்தனை கருக்கலைப்புகள் என்று சிகிச்சை தருபவர்களிடமிருந்து திரட்டுகிறது. இரண்டிலும் ஒரு பெண்ணின் பெயர் கிடையாது. கதவு எங்கே மூடியது, யாருக்கு எவ்வளவு தூரம் கூடியது என்பதை நாடு இவற்றிலிருந்துதான் தெரிந்துகொண்டது.

நீங்கள் வைத்திருந்த தடயத்தை யார் கேட்டார்கள்? 2018இல் 982, 2019இல் 8,396, 2020இல் 11,554. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரத்தில் இருந்த செல்போன்களையெல்லாம் காட்டு என்று அமெரிக்கக் காவல்துறை உங்களுக்கு அனுப்பிய வாரண்டுகளின் எண்ணிக்கை இது, நீங்களே வெளியிட்டது. 2023 டிசம்பரில், இருப்பிடப் பதிவு இனி அவரவர் செல்போனிலேயே இருக்கும், எங்களிடம் இருக்காது என்று அறிவித்தீர்கள். கையில் இல்லாததைக் கொடுக்கச் சொல்லி எந்த நீதிபதியும் உத்தரவிட முடியாது. மனமாரப் பாராட்டுகிறேன். முன்பே செய்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒருத்தி எதைத் தேடினாள், எந்தத் தளத்தில் எதைச் சொடுக்கினாள் என்பதெல்லாம்? கருக்கலைப்பு மாத்திரை விற்கும் குறைந்தது ஒன்பது இணைய மருந்தகங்கள், வருபவர்களின் தகவலை கூகுளுக்கும் பிற நிறுவனங்களுக்கும் அனுப்புவதை 2023 ஜனவரியில் ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம் கண்டுபிடித்தது.

கலிஃபோர்னியா சட்டம் காப்பாற்றும் என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்லக்கூடும். கருக்கலைப்பை விசாரிக்கும் வெளிமாநில வாரண்டுக்கு அங்குள்ள நிறுவனங்கள் தகவல் தரக்கூடாது என்று 2022இல் சட்டம் வந்தது உண்மை. ஆனால் வாரண்டில் என்ன காரணம் எழுதியிருக்கிறதோ அதுவரைதான் அந்தக் காவல். நெப்ராஸ்காவில் ஒரு தாயும் மகளும் கருக்கலைப்பு பற்றி ஃபேஸ்புக்கில் பேசிக்கொண்டதை, அதை நடத்தும் மெட்டா காவல்துறைக்குக் கொடுத்தது. வாரண்டில் கருக்கலைப்பு என்ற பேச்சே இல்லை என்றது. இருவரும் சிறைக்குப் போனார்கள். டெக்ஸாஸில் ஒரு ஷெரிஃப் அலுவலகம், கார் நம்பர் பலகையைப் படிக்கும் 83,000க்கும் மேற்பட்ட கேமராக்களில் ஒரு பெண்ணைத் தேடியது. கருக்கலைப்பு செய்துகொண்டவள் என்றுதான் காரணம் பதிவாகியிருந்தது. 2025 மே மாதம் 404 மீடியா என்ற செய்தித்தளம் இதை வெளியிட்டதும், அவள் பாதுகாப்பை நினைத்துக் குடும்பத்தார் கவலைப்பட்டார்கள், அதனால் தேடினோம் என்றார் ஷெரிஃப். காரணத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒட்டு உண்டு. கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021இல் இந்தியச் சட்டத்தில் சேர்த்தார்கள். மருத்துவர் வாயைக் கட்டியாயிற்று. அவரைப் பார்க்கப் போகும் பெண்ணின் கையிலிருப்பதோ பெரும்பாலும் உங்கள் ஆண்ட்ராய்டு.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. கருக்கலைப்பு, கர்ப்பம் சார்ந்த தேடல்களை, இருப்பிடத்துக்குச் செய்தது போலவே, உங்கள் கையில் தங்காதபடி செய்யுங்கள். அழிக்கும் ஏற்பாடு எந்தெந்த நாட்டில், எத்தனை நாளில், எவ்வளவு பிழையோடு நடக்கிறது என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள். வெளியாட்கள் சோதிக்க வழிவிடுங்கள். நாலைந்து செல்போனோடு கிளம்பியவர்கள் கண்டுபிடித்ததை உங்களால் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னால் நம்புவதற்கில்லை. அரசுகள் உங்களிடம் கேட்கும் தகவல்களின் எண்ணிக்கையை ஏற்கெனவே வெளியிடுகிறீர்கள். அதில், கருக்கலைப்பு விசாரணைக்காக வந்தவை என்று தெரிந்த கோரிக்கைகள் எத்தனை, எத்தனைக்குக் கொடுத்தீர்கள், எத்தனைக்கு மறுத்தீர்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த அறிக்கையிலேயே சேர்க்கலாம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை எழுத்தாளர்