குறையே சொல்லாத வேலைக்காரன்



இந்த மாசத்துல மட்டும் மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "அண்ணே, எம் பையன் பெரிய மார்க்கெட்டிங் கம்பெனி ஒண்ணுல சேரப் போறேங்கிறான். அங்க இருக்கவங்க எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்றாங்களாம். விடலாமா?" ஆளாளுக்குத் தனித்தனியா பதில் சொல்றதை விட இங்கயே எழுதிப்புடலாம்னு உக்காந்துட்டேன். நான் பெரிய படிப்பாளி இல்ல, பத்தாவதுதான். ஆனா கணக்கு வரும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு கம்பெனியைப் பத்தித் தெரியணும்னா அங்க வேலை பார்க்குறவன்கிட்டத்தான் கேக்கணும். அது சரி. ஆனா அதுக்கு முன்னாடி, அவன் அங்க வேலைதான் பார்க்குறானான்னு கேக்கணும்.

எங்க ஊர்லயே மூணு விதமான ஆளுக இருக்காங்க. ஒரு தம்பி நிலக்கோட்டைப் பக்கம் ஒரு ஆலைக்குப் போறான். கேட்டா, "ஷிஃப்டு மாத்தி மாத்திப் போடுறாங்க மாமா, தூக்கம் கெட்டுப்போச்சு. ஆனா சம்பளம் தேதி தவறாம ஏறிடும், பி.எஃப். பிடிக்கிறாங்க" என்பான். இன்னொருத்தர் எங்க பங்காளி மருமகன், மருந்துக் கம்பெனி ரெப். மதுரையில டாக்டர் டாக்டரா ஏறி இறங்குறாரு. "மாசக் கடைசி வந்தா டார்கெட் நெஞ்சுல ஏறி உக்காந்துக்கிடுது மாமா" என்பாரு. அதே வாயால, "பெட்ரோல் காசு குடுத்துடுறாங்க, லீவு உண்டு" என்றும் சொல்வாரு. இவங்களுக்காகவே 1976-ல விற்பனை ஊழியர் சட்டம்னு தனியா ஒண்ணு வந்துச்சு. நியமனக் கடிதம் குடுக்கணும்னு அதுல இருந்துச்சு.

மூணாவது ஆள், எங்க பக்கத்துத் தெருத் தம்பி. டிப்ளமோ முடிச்சு மதுரையில 14,000 ரூபா சம்பளத்துல இருந்தான். அதை விட்டுட்டு ஒரு சங்கிலி மார்க்கெட்டிங் கம்பெனில சேர்ந்தான். கம்பெனி பேரு வேண்டாம். அவன்கிட்ட கேட்டா ஒரு குறை கூட சொல்ல மாட்டான். "என் வாழ்க்கையே மாறிப்போச்சு சித்தப்பா, நீங்களும் வாங்க" என்பான். அவங்க அம்மா கழுத்துச் செயின் சொசைட்டில அடகுல கிடக்கு. சத்து மாவு டப்பாவும் சோப்புப் பெட்டியும் நெல்லு மூட்டைக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கு. டப்பாவுல இருக்கிற தேதி தாண்டிப்போச்சு. ஆனாலும் வாயில குறை வராது.

ஏன் வராதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஆலைத் தம்பி குறை சொன்னா அவன் சம்பளம் குறையாது. ரெப் குறை சொன்னாலும் அப்படித்தான். ஆனா இவன் குறை சொன்னா நீங்க சேர மாட்டீங்க. நீங்க சேரலைன்னா இவனுக்கு வரும்படி இல்ல. அப்ப அவன் சொல்றது அபிப்பிராயம் இல்லய்யா, விளம்பரம். அவன் பொய் சொல்றான்னு நான் சொல்லல. பாதி அவனே நம்பிட்டான். மீதி பாதியை வெளிய சொல்ல முடியாத இடத்துல மாட்டிக்கிட்டான்.

இதுக்கு நம்ம பக்கத்துலயே பெரிய உதாரணம் இருக்கு. நிலக்கோட்டைன்னா நமக்கு மல்லிகைப்பூ. அங்கதான் ஆம்வே கம்பெனியும் 2015-ல தொழிற்சாலை திறந்துச்சு. அமெரிக்காவுல 1959-ல ஆரம்பிச்ச கம்பெனி, நம்ம நாட்டுல 1998-ல வியாபாரத்தைத் தொடங்குனாங்க. ஒரே கம்பெனி பேர்ல ரெண்டு கூட்டம் இருக்கு. ஆலையில, ஆபீஸ்ல சம்பளத்துக்கு வேலை பார்க்குறவங்க ஒண்ணு. வீடு வீடாப் பொருள் கொண்டுபோற நேரடி விற்பனையாளருங்க இன்னொண்ணு. ரெண்டாவது கூட்டம்தான் பெருசு. ஆனா அவங்க கம்பெனி ஊழியரே கிடையாது, தனி வியாபாரிங்கிற கணக்கு. மாசச் சம்பளமும் இல்ல, பி.எஃப்.பும் இல்ல.

2022 ஏப்ரல்ல அமலாக்கத் துறை இந்தக் கம்பெனியோட 757 கோடியே 77 லட்சம் ரூபா சொத்தை முடக்குச்சு. திண்டுக்கல் மாவட்டத்து நிலமும் ஆலைக் கட்டடமும் அதுல சேர்த்தி. பொருள் விக்கிற போர்வையில ஆள் சேர்க்கிற பிரமிடு நடக்குதுங்கிறது அவங்க குற்றச்சாட்டு. கம்பெனி தரப்புல, இது 2011-ல தொடங்குன பழைய விசாரணை, நாங்க ஒத்துழைச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்னு சொன்னாங்க. 1979-ல அமெரிக்காவுல வர்த்தக ஆணையம் விசாரிச்சப்ப, இது சட்டவிரோதப் பிரமிடு இல்லன்னுதான் முடிவு சொல்லுச்சு. ஆனா இவ்வளவு சம்பாதிக்கலாம் அவ்வளவு சம்பாதிக்கலாம்னு ஊதிப் பெருக்கிச் சொல்லி ஆள் சேர்க்கக் கூடாதுன்னும் சொல்லுச்சு. இங்க யார் பக்கம் நியாயம்னு கோர்ட்டு பார்த்துக்கும். நான் பார்த்தது அமலாக்கத் துறை சொன்ன ரெண்டு கணக்கை. 2002-03ல இருந்து இருபது வருசத்துல 27,562 கோடி வசூல், அதுல கமிஷனாப் போனது 7,588 கோடி. நூறு ரூபாய்க்கு 27 ரூபாய்க்கு மேல. நாம குடுக்கிற காசுல கால் பங்குக்கு மேல பொருளுக்கு இல்ல, பொருளைப் பத்திப் பேசுன வாய்க்குப் போகுதுன்னு அர்த்தம்.

2024 சனவரியில கோயம்புத்தூர் நீலம்பூர்ல நடந்ததும் ஞாபகம் இருக்கும். போன்ல விளம்பரம் பார்த்தா காசுன்னு சொன்ன மைவித்ரீ ஆட்ஸ் கம்பெனி மேல போலீஸ் வழக்குப் போட்டதும், பணம் கட்டுன ஆயிரக்கணக்கான சனம் கம்பெனிக்கு ஆதரவா வந்து கூடிருச்சு. டிவில பார்த்தவங்க, "இவ்வளவு பேர் நல்லதுன்னு சொல்றாங்களே" என்றாங்க. எனக்கு அது அப்படித் தெரியல. போட்ட பணம் உள்ள கிடக்கு. கம்பெனி நின்னாத்தான் பணம் வரும். அப்ப வாழ்கன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாங்க? கூட்டத்தைப் பார்த்து நம்பிக்கை வைக்காதீங்க. பயந்தாலும் சனம் கூட்டமாத்தான் நிக்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம். "ஆறு பேரைச் சேர்த்து விடுங்க, அந்த ஆறு பேரும் ஆறாறு பேரைச் சேர்ப்பாங்க" என்பாங்க. 6, 36, 216, 1,296... இப்படியே போனா எட்டாவது படியில 16 லட்சத்து 79 ஆயிரத்துச் சொச்சம். ஒன்பதாவது படியில ஒரு கோடியைத் தாண்டிரும். 2011 கணக்கெடுப்புப்படி நம்ம மதுரை மாவட்டத்து மொத்த சனமே 30 லட்சத்துச் சொச்சம்தான், கைப்பிள்ளையும் சேர்த்து. அப்ப ஒன்பதாவது படிக்கு ஆளு எங்க இருந்து வரும்? கடைசியா சேர்ந்தவன் எப்பவும் கடைசிலயேதான் நிப்பான். நம்ம ஊருக்கு இந்தத் திட்டமெல்லாம் கடைசியாத்தான் வந்து சேருது.

"நீ மட்டும் என்ன, பூவைக் கொண்டுபோய் கமிஷன் கடையிலதானே போடுற?" என்று ஒருத்தர் கேட்டாரு. ஆமா, மாட்டுத்தாவணியில போடுறேன். நூத்துக்குப் பத்து பிடிக்கிறாங்க, அது எனக்கு வயித்தெரிச்சல்தான். ஆனா கடைக்காரருக்குக் காசு வர்றது என் பூ வித்தாத்தான். என் மச்சானைக் கூட்டிட்டு வந்தாத்தான் உனக்குக் காசுன்னு அவர் சொன்னதில்ல. நானும் யாரையும் பார்த்து, விவசாயத்துக்கு வா, ஒரே வருசத்துல கார் வாங்கலாம்னு சொன்னதில்ல. மழையில மொட்டு அழுகிப்போனா அழுகிடுச்சுன்னு ஊருக்கே சொல்லுவேன்.

அதனால சேரப் போற பிள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான். முதல்ல, உங்களைக் கூப்பிடுறவர்கிட்ட, "அங்க உங்களுக்குப் பிடிக்காத விஷயம் மூணு சொல்லுங்க" என்று கேளுங்க. சொல்ல முடியலைன்னா எந்திரிச்சு வந்துருங்க. ரெண்டாவது, போன மாசம் வந்த காசுல ஆள் சேர்த்ததுக்கு எவ்வளவு, பொருள் வித்ததுக்கு எவ்வளவுன்னு கேளுங்க. அவர் கையில இருந்து போன செலவையும் கழிக்கச் சொல்லுங்க. மூணாவது, காகிதம் கேளுங்க. 2021 டிசம்பர்ல மத்திய அரசு நேரடி விற்பனை விதிகள்னு கொண்டுவந்துச்சு. அதுப்படி பிரமிடு திட்டம் கூடாது. விற்பனையாளருக்கும் கம்பெனிக்கும் எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும். வீட்டுக்கு வர்றவர் முன்கூட்டியே சொல்லிட்டு, அடையாள அட்டையோட வரணும். "நாலு பேரைச் சேர்த்து விட்டா நீங்க குடுத்த காசு திரும்பிடும்" என்று ஆசை காட்டி விக்கிறதும் கூடாது.

பெத்தவங்களுக்கும் ஒண்ணு. பையன் ஏற்கெனவே மாட்டியிருந்தா திட்டாதீங்க. எங்க தெருத் தம்பி இன்னும் வாய் திறக்காததுக்குப் பாதிக் காரணம், சொன்னா ஊரு சிரிக்கும்ங்கிற பயம். சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் டப்பாவைத் தூக்கிட்டுப் போய், இப்ப விசேஷத்துக்குக் கூட அவனை யாரும் கூப்பிடுறதில்ல. காசு போனாச் சம்பாதிச்சுக்கலாம். முறைக்காரங்க முகத்தைத் திருப்பிக்கிட்டா அதை எந்தச் சொசைட்டில மீட்கிறது? அடுத்த கல்யாணத்துக்கு அவனுக்கும் ஒரு பத்திரிகை வைங்க. வந்து பந்தியில நம்ம கூட உக்காரட்டும். மெல்ல வாய் திறப்பான்.