பணம் கொடுத்தவருக்கே படம் சொந்தமா?

சிராங்கூன் சாலையில் இனிப்புக் கடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தீபாவளிக்கு முன்பு அவர் தம் கடைக்கென ஓர் இணையத்தளம் அமைக்கிறார். சுயதொழில் செய்யும் புகைப்படக் கலைஞர் ஒருவரை அழைத்து, லட்டு, முறுக்கு, அதிரசம் என ஒவ்வொன்றையும் படம் எடுக்கச் செய்கிறார். பேசிய தொகையை முழுமையாகக் கொடுத்தும் விடுகிறார். அடுத்த ஆண்டு அதே படங்களைப் பரிசுப் பெட்டிகளில் அச்சிட முனையும்போது, "இணையத்தளத்திற்கு மட்டும்தானே கொடுத்தேன்" என்று கலைஞர் தடுக்கிறார். "இனிப்பு என்னுடையது, பணமும் என்னுடையது, படம் மட்டும் எப்படி அவருடையதாகும்?" என்று கடைக்காரர் கொதிப்பதில் வியப்பில்லை.

ஆனால், சிங்கப்பூர்ச் சட்டம் பெரும்பாலும் கலைஞர் பக்கமே நிற்கும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை பொதுவாக எடுக்கச் சொன்னவரையே சேர்ந்தது. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதை மாற்றியது. வேறு உடன்பாடு இல்லாதபோது, இப்போது படத்தை எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். இணையத்தளத்திற்காக வெளியாள் ஒருவர் எழுதித் தந்த வாசகங்களோ, பழைய சட்டத்திலும் எழுதியவருக்கே உரியவை. கடையில் சம்பளத்திற்கு வேலை செய்யும் ஊழியர் தம் பணியின் பகுதியாக எடுத்த படம் முதலாளியைச் சேரும். அண்ணன் மகன் உதவிக்காகக் கைப்பேசியில் எடுத்துத் தந்த படம்கூட அவனுடையதுதான். அவன் உரிமை கோர மாட்டான் என்பது வேறு கதை.

இந்த மாற்றம் நியாயமானதே. தாம் எடுத்த படத்தைத் தம் திறனுக்குச் சான்றாகக் காட்டுவதற்கும் பிறரிடம் அனுமதி கேட்க வேண்டுமென்றால், சுயதொழில் செய்பவர் அடுத்த வேலையை எப்படித் தேடுவார்? இதனால் சிறு வணிகர்களே பாதிக்கப்படுகிறார்கள் என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வேண்டிய உரிமையை அவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடும். வாய்ப்பேச்சை நம்பித் தொழில் நடத்தும் கடைக்காரரோ, சிக்கல் வந்த பிறகே சட்டம் மாறியதை அறிகிறார்.

பதிப்புரிமை கைமாற வேண்டுமானால், அது எழுத்து வடிவில் உரிமையாளரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கத் தாள் போதும். முழு உரிமையையும் விலைக்கு வாங்க வேண்டும் என்பதும் இல்லை. இணையத்தளம், பெட்டி, விளம்பரப் பலகை என எங்கெங்கு, எத்தனை ஆண்டுகளுக்குப் படத்தைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி பெற்றாலே பல கடைகளுக்குப் போதுமானது. இந்தப் பேச்சைக் கலைஞரே தொடங்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் அவர். விலை குறித்துத் தரும் தாளில் இன்னொரு வரி சேர்க்க அவருக்கு அதிக நேரம் ஆகாது. பணம் வாங்கும் நாளில் வாய் திறவாமல் இருந்துவிட்டு, பெட்டி அச்சாகும் நாளில் உரிமை பேசுவது சட்டப்படி சரியாக இருக்கலாம், முறையாகாது.

அதே கடைக்காரர் ஜோகூர் பாருவில் கிளை திறந்து, அங்குள்ள கலைஞர் ஒருவரை அமர்த்தினால் நிலைமை தலைகீழாகிவிடும். மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டமும் 1987ஆம் ஆண்டைச் சேர்ந்ததே. அச்சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், உரிமை வேலையைச் செய்யச் சொன்னவருக்கு மாறியதாகவே கருதப்படும். அங்கே மறக்காமல் எழுதி வாங்க வேண்டியவர் கலைஞர்.