மலிவான வண்டியே மேல்

"பெண் பிள்ளைக்கு எதற்கடி பொம்மை லாரி?" என்று பாட்டி கேட்டார். தோழியரே, உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். ஆகவே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

இது பறக்கும் வண்டியன்று. ரேடியோ அலையால் இயங்கி, நடை வேகத்தில் பாறைமேல் ஊர்ந்து ஏறுவது. உண்மை லாரியில் 16இல் ஒரு பங்கு அளவு. நான்கு சக்கரங்களும் உந்தும். மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரங்கள் குறைக்கக் குறைய, இழுக்கும் வலிமை கூடுகிறது. வகுப்பில் எனக்குப் புரியாத பாடம் இது. கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

விலை உயர்ந்ததே நல்லது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். அதைத் திறக்கவே கை நடுங்கும். பழுதானால் அண்ணனிடம்தான் போகும். மலிவானதையோ துணிந்து திருப்புளியால் பிரிக்கலாம். என் வண்டி முதல் வாரமே தோட்டத்துக் கல்லில் மல்லாந்தது. மேற்பாகம் கனத்ததே காரணம். பேட்டரியைக் கீழிறக்கினேன், முன் சக்கரங்களுக்குள் பித்தளை வளையங்கள் பொருத்தினேன். (ஈயம் மலிவுதான், ஆனால் நஞ்சு, தொடாதீர்கள்.) பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்தபோது உலோகத்தில் ஒன்று மாற்றினேன். இரண்டு மாதக் கைச்செலவுப் பணம் போயிற்று. அப்பா கடிந்துகொண்டார், அது நியாயமே.

வேக மோட்டார் பூட்டும் ஆசை மட்டும் வேண்டாம். பாறையில் வேகம் உதவாது, பற்கள்தாம் உடையும்.

இப்போது வண்டி அந்தக் கல்லை ஏறுகிறது. பாட்டி திண்ணையில் அமர்ந்து, "கொஞ்சம் இடப்பக்கமாத் திருப்படி" என்கிறார்.