பிசாசும் படித்த சங்கீதம்

சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகும் கிறிஸ்தவ வீட்டில், கர்த்தர் தம் செட்டைகளின் கீழ் காப்பார் என்று சொல்லும் 91ஆம் சங்கீதம் வெறும் சுவர் அலங்காரம் அல்ல. ஆனால் ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லி இயேசுவிடம் பிசாசு எடுத்துக்காட்டியதும் அதே சங்கீதம்தான். அவர் குதிக்கவில்லை. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் சாமி கும்பிடாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்கார வைத்துவிட்டு, ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்பது விசுவாசம் அல்ல, குதிப்பதுதான். கூட்டம் சேரவிடாமல் விரட்டுகிற போர்மேனின் கண்டிப்பில்கூட (திட்டு வாங்குகிறவர்கள் மன்னிக்கவும்) கர்த்தருடைய செட்டையின் நிழல் உண்டு என்பேன். ஐயர்மாரே, தீபாவளி ஆர்டர் நெருக்குமுன் ஒரு ஞாயிறு இதைப் பிரசங்கியுங்கள்.