மரம் என்று தேடினால் மரத்தில் கிடைக்குமா?

மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் கூட்டம் ஒன்று பெருத்துப் பல குழுக்களாகப் பிரிந்து கிடக்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் பேச முறையான விவாதக் களம் வேண்டும், எந்த மென்பொருளை எடுக்கலாம் என்று கேட்டார்கள். ஆசையோடு போனேன். வாரம் முழுக்க நடந்த பேச்சு இதுதான்: பின்னணி கறுப்பா வெள்ளையா, இதயக்குறி போட வசதி உண்டா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் முதல் கேள்வி தெரியும். உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா? யாஹூ குழுமங்களை மறுபடியும் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று இணையத்தில் தமிழ் எழுதப் பழகிய ஒரு தலைமுறையே அங்கே உட்கார்ந்துதான் பேசியது. பழைய பதிவுகளை முதலில் நீக்கினார்கள்; 2020 டிசம்பர் 15 அன்று சேவையையே மூடினார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே திறமூல மென்பொருள், சொந்த சர்வர், தரவுத்தளத்தின் நகல் நம் கையில். 2013-இல் வந்த டிஸ்கோர்ஸுக்கு என் ஓட்டு. புதிதாக வருபவருக்குக் குறைந்த உரிமை, படித்துப் பங்கெடுக்கப் பங்கெடுக்கக் கூடுதல் உரிமை என்று அதுவே படிப்படியாகத் தருகிறது. மட்டுறுத்துபவர்களின் சுமை குறையும்.

ஆனால் தேடலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! மழைக்காலம் வந்தால் முருங்கையில் கம்பளிப்பூச்சி. அனுபவசாலி ஒருவர் பொறுமையாக விளக்கம் எழுதுவார். அடுத்த ஆண்டு புதியவர் ‘முருங்கை மரம்’ என்று தேடுவார். அந்த விளக்கத்திலோ ‘மரத்தில்’, ‘மரத்தை’, ‘மரத்துக்கு’ என்றுதான் இருக்கும்; எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்கு அது அகப்படாது. புதியவர் மறுபடி கேட்பார். பெரியவர் எத்தனை முறைதான் எழுதுவார்? ஒருநாள் சொல்லாமல் விலகிவிடுவார். சண்டையில் உடைந்த குழுக்களைவிட, விவரம் தெரிந்தவர்கள் இப்படி ஓய்ந்துபோய் வற்றிய குழுக்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. டிஸ்கோர்ஸுக்கு அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். சொற்களின் ஒட்டுகளைக் கழற்றித் தேட உதவும் அதன் பட்டியலில் 2019-இல் வெளியான 12-ஆம் பதிப்பு தமிழையும் சேர்த்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? அடியில் வசதி இருப்பதாலேயே மேலே இருக்கும் மென்பொருள் அதைத் தானாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது. கேட்டு, அமைத்து, சோதிக்க வேண்டும்.

‘கொய்யா’ இன்னொரு சோதனை. யூனிகோடில் அதன் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாத மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருவர் எழுதிய கொய்யா இன்னொருவர் தேடலில் வராது.

குழுவினர் முதலில் ஒரு சோதனைக் களம் நிறுவட்டும். பழைய உரையாடல்களில் கொஞ்சத்தை ஏற்றி, மரத்தையும் கொய்யாவையும் தேடிப் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் நல்ல நிரலாளர் ஒருவருக்குக் கூலி கொடுத்துச் சரிசெய்யட்டும். முகப்பை அழகுபடுத்த ஒதுக்கியிருக்கும் பணம் அதற்குப் போகட்டும்.