காத்திருக்கிறதா, சுற்றுகிறதா?

கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். வேறு எந்த அசைவும் இராது. உடனே "சார், ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள். பல நேரங்களில் புரோகிராமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நாம் ஏதாவது டைப் செய்வோம் என்று சமர்த்தாகக் காத்திருக்கும்.

என் கட்சி இதுதான்: விசைப்பலகைக்காகக் காத்திருக்கும் புரோகிராம் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால், அதுவே ஒரு பிழை. அதற்குப் பொறுப்பு எழுதியவர். முன்னால் உட்கார்ந்திருப்பவர் அல்ல.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் இரவில்தான் ஓடும். வெளியீடு திரைக்கு வராமல் ஒரு லாக் ஃபைலுக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். ஒரு மாதக் கடைசியில் காலை ஏழு மணியாகியும் வேலை முடியவில்லை. ஆபரேட்டர் பையன் ராத்திரி முழுக்க வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். லாக் ஃபைலும் காலி.

இன்னொரு டெர்மினலிலிருந்து பார்த்தேன். புரோகிராம் சிபியு நேரத்தைத் துளியும் தின்னவில்லை. முடிவில்லாத லூப்பில் சுற்றினால் சிபியுவை விழுங்கிக்கொண்டிருக்கும். சும்மா கிடந்தால் எதற்கோ காத்திருக்கிறது என்று அர்த்தம். டீபக்கரை அதனுடன் இணைத்து எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று பார்த்தேன். விசைப்பலகையைப் படிக்கும் இடம்! "பழைய ஃபைலை அழித்து எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறது. கேள்வி பஃபரிலேயே தங்கிவிட்டது. சி மொழியில் வெளியீடு டெர்மினலுக்குப் போனால் வரிக்கு வரி வெளியே வரும். ஃபைலுக்குப் போனால் பஃபர் நிரம்பும்வரை உள்ளேயே கிடக்கும்.

'ஒய்' அடித்து எண்டர் தட்டினோம். மதியத்துக்குள் சம்பளப் பட்டியல் தயார். ஆனால் அந்தப் பையனுக்குக் 'கவனக்குறைவு' என்று மெமோ கொடுத்தார்கள். கண்ணில் படாத கேள்விக்கு அவன் எப்படிப் பதில் சொல்வான்? எவ்வளவோ வாதாடியும் மெமோவைத் திரும்பப் பெறவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்குச் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். 1979-இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே 'யெஸ்' என்றொரு கட்டளை உண்டு. 'ஒய்', 'ஒய்' என்று ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அதை பைப் வழியாக ஊட்டிவிட்டால் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் சாமிதான். சம்பள ஃபைலையே அழிக்கலாமா என்று கேட்டாலும் 'ஒய்' என்றே சொல்லும். இது மருந்தல்ல.

1990-இல் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்த 'எக்ஸ்பெக்ட்' எவ்வளவோ மேல். இன்ன கேள்வி வந்தால் இன்ன பதில் என்று எழுதி வைக்கலாம். எதிர்பார்த்த கேள்வி குறித்த நேரத்தில் வராவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லி வைக்கலாம்.

டீபக் செய்யும் இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. டீபக்கரும் புரோகிராமும் ஒரே டெர்மினலில் இருந்தால், நீங்கள் அடிப்பது யாருக்குப் போகிறது என்றே குழம்பும். புரோகிராமுக்குத் தனி டெர்மினல் கொடுங்கள். அடிக்க வேண்டிய பதில்களை ஒரு ஃபைலில் எழுதி உள்ளே அனுப்பினால் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் சில புரோகிராம்கள் எதிரே இருப்பது டெர்மினலா ஃபைலா என்று பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும். ஃபைலில் பிழை மறைந்து விசைப்பலகையில் மட்டும் வந்தால் எக்ஸ்பெக்ட்தான் வழி. அது புரோகிராமுக்கு ஒரு போலி டெர்மினலையே காட்டும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. கேள்வி கேட்குமுன், இரு பக்கமும் டெர்மினல்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் காரணத்தைச் சொல்லி நிறுத்திவிடுங்கள். கேள்வி கேட்டால், பஃபரைக் காலி செய்து அதை வெளியே தள்ளுங்கள். நாலைந்து வரி வேலைதான். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, 'யூசருக்கு விவரம் போதவில்லை' என்று பழி போடுவதை என்னால் ஏற்க முடியாது.